சிவாஜிக்கு எது சொந்த ஊர்? விழுப்புரமா, சூரக்கோட்டையா, திருச்சியா?

விழுப்புரத்து மருமகள்:

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது தீர்த்து வைத்தால் புண்ணியமாகப் போகும்.

நான் பிறந்தது ஒரத்தநாடு பக்கம், வாக்கப்பட்டது விழுப்புரம். மாமனாருக்கு எழுபத்தாறு வயது. நடிகர் சிவாஜி கணேசன் பேச்சை எடுத்தால் "எங்க ஊர்ப் பிள்ளை" என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் என் அப்பா வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சம்பந்தி, அவரு சூரக்கோட்டைக்காரரு, எங்க பக்கம். பொறந்த ஆஸ்பத்திரியையெல்லாம் ஊருன்னு சொல்லிக்க முடியுமா?" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. தயிர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவிவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இதற்கு நடுவில் என் கணவர் சமாதானம் செய்கிறேன் என்று போய், "ரெண்டுமே இல்லப்பா, திருச்சியாம்" என்று மூன்றாவது ஊரைக் கிளப்பிவிட்டார்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். அவன் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊர் எது என்பது ஒன்று. அவர் பிறந்தபோது அப்பா ஜெயிலில் இருந்தாராமே, அது நிஜமா? அப்புறம், "எனக்கு அப்பா அம்மா இல்லை, நான் அனாதை" என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்கிறார்கள். அம்மா குத்துக்கல்லாக வீட்டில் இருக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? வீடியோக்களில் சோகப் பாட்டைப் பின்னால் போட்டு, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் ஓடிப்போனார் என்று சொல்கிறார்கள். அவ்வளவுதானா விஷயம்?

பால்கனி டிக்கெட்:

இதில் என்ன சந்தேகம்? வி.சி. கணேசன். 'வி' என்றால் விழுப்புரம், 'சி' என்றால் சின்னையா. தன் பெயருக்கு முன்னால் அவரே போட்டுக்கொண்ட ஊரை நாம் எப்படி மாற்றுவது? உங்கள் மாமனார் கட்சிதான் ஜெயித்தது. மிச்ச தயிர் சாதத்தைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சங்கிலியாண்டபுரம் பழசு:

பால்கனி தம்பி அவசரத் தீர்ப்பு கொடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள், நானும் ஒரு கட்சிக்காரன்தான். எனக்கு அறுபத்தொன்பது வயது. என் பெயரைப் பார்த்தாலே எந்த ஊர்க் கட்சி என்று தெரிந்துவிடும்.

முதலில் பட்டா விவரம். பிறந்தது விழுப்புரத்தில், 1928 அக்டோபர் 1. அதில் யாரும் கை வைக்க முடியாது. பூர்வீகம் தஞ்சாவூரை ஒட்டிய சூரக்கோட்டை. அப்பா சின்னையா மன்றாயர், அம்மா ராஜாமணி அம்மாள். 'மன்றாயர்' என்பது தஞ்சைப் பக்கத்துக் கள்ளர்களிடம் இருக்கும் பட்டப்பெயர்களில் ஒன்று. வாண்டையார், மழவராயர், காலிங்கராயர் என்றெல்லாம் இருக்கிறதே, அந்த வரிசை. அந்தப் பட்டத்தைக் கேட்டாலே தஞ்சாவூர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். பின்னாளில் பணம் வந்ததும் அவர் நிலமும் வீடுமாகக் கால் ஊன்றியது சூரக்கோட்டையில்தான். 1989இல் தேர்தலில் நின்றபோதுகூடத் தஞ்சைப் பக்கம் திருவையாறு தொகுதியைத்தான் எடுத்தார். தோற்றார், அது வேறு கதை. ஆக உங்கள் அப்பா சொன்னதும் பொய்யில்லை.

ஆனால் பிள்ளை வளர்ந்தது எங்கள் சங்கிலியாண்டபுரத்தில். திருச்சியில் பாலக்கரைக்கும் பொன்மலைக்கும் நடுவில் இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், அடுத்த சங்குக்கு இறக்குவார்கள். நடை, ஓட்டம், கோலி, சண்டை, முதல் அடி, முதல் பொய், எல்லாம் இங்கேதான். பெயருக்கு முன்னால் எந்த எழுத்து வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சின்னையா மன்றாயர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்த போராட்டத்தில் இறங்கிக் கைதானார். தான் பிறந்த நாளும் அப்பா ஜெயிலுக்குப் போன நாளும் ஒன்று என்று சிவாஜியே சொல்லியிருக்கிறார். அப்பாவின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது பிள்ளைக்கு நாலு வயது ஆகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் முன்பின் பார்க்காத ஒரு ஆளைக் காட்டி, "இவர்தான்டா உங்கப்பா" என்றால் அது என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால்தான் போய் நிற்கும்.

அந்த நாலு வருஷமும் வீட்டைத் தாங்கியது ராஜாமணி அம்மாள். மாடு வைத்துப் பால் விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். மாடு வைத்தவர்களுக்குத் தெரியும், பால் கணக்கு என்பது விடியற்காலைக் கணக்கு. கறந்து, வாடிக்கைக்கு ஊற்றி, மாட்டுக்குத் தீவனம் பார்த்து முடிப்பதற்குள் பொழுது பத்து மணியாகிவிடும். பிள்ளை எங்கே போனான் என்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? கஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சோற்றுக்கு வழியில்லாமல் ஓடினான் என்று சொன்னால் அந்த அம்மாளின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகிவிடும். பால் விற்ற வீட்டுப் பிள்ளை அவர்.

அவரை இழுத்தது பசி இல்லை, கூத்து. அதை அவரே சொல்லியிருக்கிறார். கம்பளத்தார் கூத்து என்று ஒன்று உண்டு. கட்டபொம்மன் கதையை ராத்திரி பூராவும் ஆடுவார்கள். சின்னப் பையன் கணேசன் பார்க்கப் போன இடத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை என்று கூட்டத்தில் இருந்த பையன்களைப் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். இவரும் அதில் ஒரு சிப்பாய். வசனமெல்லாம் கிடையாது, வரிசையில் நின்றால் போதும். மேடை ஏறிவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தால், அப்பா சாத்து சாத்து என்று சாத்திவிட்டார். ஏன்? வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போய் வந்தவர் அவர். பெற்ற பிள்ளை வெள்ளைக்காரப் பட்டாளத்தில் போய் நின்றால் பொறுப்பாரா?

அடி வாங்கியதோடு விட்டிருந்தால் நமக்குச் சிவாஜி கிடைத்திருக்க மாட்டார். நானும் அந்த மாதிரி கட்டபொம்மனாக நடிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டதாம். சொந்த நாடக மன்றத்தில் கட்டபொம்மனை மேடை ஏற்றி, 1959இல் படமாக நடித்து, அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதோடும் விடவில்லை. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறில் இடம் வாங்கிச் சிலையும் வைத்தார். சிப்பாயாக நின்றதற்குப் பரிகாரம் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார்.

அனாதை என்ற பொய்யைப் பற்றிச் சாயந்திரம் எழுதுகிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர வேண்டும்.

பொன்மலை ஓய்வு:

பழசு அண்ணன் சங்கைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ரயில்வேக்காரன் கை சும்மா இருக்கவில்லை. பொன்மலைப் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான்.

அந்த 1928ஆம் வருஷத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கதை இன்னும் விளங்கும். அப்போது இங்கே ஓடியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, அதாவது எஸ்.ஐ.ஆர். அதன் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. அதைப் பொன்மலைக்கு மாற்றுகிறோம் என்று கம்பெனி இறங்கியது. மாற்றும் சாக்கில் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்து, லைன் முழுக்கப் பரவியது. தடியடி, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. பத்து நாளைக்குள் ஒடுக்கிவிட்டார்கள். சிங்காரவேலர் உட்படத் தலைவர்களைச் சதி வழக்கில் உள்ளே தள்ளினார்கள். சிவாஜி பிறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

சின்னையா மன்றாயரின் கைதை இந்த வேலைநிறுத்தத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். வீடியோக்காரர்கள் அதையும் செய்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது, அந்த வருஷம் ரயில்வேக்காரன் வீடு ஒவ்வொன்றும் எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறி வந்தவர். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு உலக்கை. உலக்கை எதற்கு என்று பாட்டி கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

விழுப்புரத்து மருமகள்:

பழசு ஐயா, பொன்மலை ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். அப்பாவிடம் அடி வாங்கிய இடம் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். ஊர் விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த அனாதை மேட்டரைக் கேளு" என்று மட்டும் சொன்னார். மகன் இன்னொன்று கேட்கிறான். முதல் வேஷமே பொம்பளை வேஷமாமே, ஏன் ஆம்பளைப் பையனுக்கு அதைக் கொடுத்தார்கள்?

சங்கிலியாண்டபுரம் பழசு:

வந்துவிட்டேன் அம்மா.

அப்போது திருச்சியில் முகாம் போட்டிருந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. முழுப்பெயர் மதுரை ஸ்ரீ பால கான சபா. பாய்ஸ் கம்பெனி என்றால் முழுக்கப் பையன்களை வைத்தே நாடகம் போடுவது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பையன்களை வைத்து ஒரு சபை தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வந்தவர்கள். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் இந்த மாதிரிக் கம்பெனிகள் ஓடின. பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வராமல் போவது, பாதியில் சண்டை போட்டுப் போவது என்று முதலாளிகளுக்கு ஏகத் தொல்லை. பையன்கள் என்றால் சொன்னதைச் செய்வார்கள், அடிக்கலாம், சம்பளமும் குறைச்சல்.

எங்கள் தெருப் பையன் ஒருவர் முதலில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். காக்கா ராதாகிருஷ்ணன் என்று சொன்னால் தெரியும். அவரும் சங்கிலியாண்டபுரம்தான், கணேசனைவிட மூன்று வயது மூத்தவர். அவர் போன வழியில் இவரும் போனார். 1992இல் 'தேவர் மகன்' வந்ததே, அதில் பெரிய தேவரும் அவருக்குப் பங்காளிப் பகையாளியான சின்னத் தேவரும் யார் என்று பாருங்கள். ஒரே தெருவில் கோலி விளையாடிய இரண்டு பேர். தியேட்டரில் மற்றவர்கள் சண்டைக்காட்சியைப் பார்த்துக் கை தட்டினார்கள். எங்கள் வரிசை மட்டும் அந்த இரண்டு கிழவர்களைப் பார்த்து விசில் அடித்தது.

இப்போது பொய். கம்பெனியில் பையனைச் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இத்தனை வருஷம் விட்டுப் போக மாட்டான் என்று ஒப்பந்தம். அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரியும், சிப்பாய் வேஷத்துக்கே தோலை உரித்தவர். கேட்டால் விடுவாரா? அதனால்தான் எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டார் என்பது என் கணிப்பு. கேட்கவும் ஆளில்லை, கையெழுத்துப் போடவும் ஆளில்லை. ஏழு வயதில் அந்த மூளை! வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொட்டகை. அதே ஊரில் அம்மா பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார், பிள்ளை அங்கே உட்கார்ந்து அனாதை வேஷம் போடுகிறான். முதல் வேஷம் சீதை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வேஷம் இதுதான்.

வேஷம் பலித்துவிட்டது, அங்கேதான் சிக்கல். கம்பெனி ஓர் ஊரில் நிற்காது. முகாம் கிளம்பித் திண்டுக்கல் போனது, பிள்ளையும் போய்விட்டான். கம்பெனிக்குள் போன பையன் நினைத்தபோது வீட்டுக்கு வர முடியாது. வருஷக்கணக்காக அம்மாவைப் பார்க்கவில்லை. பொய்யைச் சொன்னது ஒரு நிமிஷம், அதற்குள் வாழ்ந்தது எத்தனை தீபாவளி!

இதை நான் புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரு பாய்ஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேஷம், போட்டவர். வேறு கம்பெனி, பெயர் வேண்டாம், அவர் சொன்னதெல்லாம் நல்லதாக இல்லை. ராத்திரி நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்க மணி மூன்றாகும். நாற்பது பையன்களும் ஒரே கூடத்தில் பாயை வரிசையாகப் போட்டுப் படுப்பார்கள். மூத்தவன் சுவரோரம், சின்னவன் வாசலோரம், குளிரும் கொசுவும் அவனுக்கு. விடிந்ததும் ஆர்மோனியத்தோடு வாத்தியார் வந்துவிடுவார். பாட்டு, பாடம், குஸ்தி, நடனம். பாடம் மறந்தால் பிரம்பு. ஒருவன் மறந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான். வீட்டிலிருந்து கடிதம் வந்தால் முதலாளி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "வந்து போடா" என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதம் கைக்கே வராது. தன் பாட்டி செத்ததைத் தாத்தா ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஸ்திரீ பார்ட் குரலாக மாறிவிடும். தெரிந்து மாறுகிறதா தெரியாமல் மாறுகிறதா என்று நான் கேட்டதில்லை.

உங்கள் மகன் கேட்ட கேள்விக்கும் தாத்தாவிடம்தான் பதில். மேடையில் பெண்கள் வராத கம்பெனி. குரல் உடையாத பையன்களுக்குப் பெண் வேஷம் கொடுப்பார்கள். குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் பையனுக்கு உள்ளுக்குள் நடுக்கம், பாட்டு போச்சு, இனி முதலாளி வைத்துக்கொள்வாரா மாட்டாரா என்று. அதுவரை சீதையும் அவன்தான், திரௌபதியும் அவன்தான். கணேசனுக்குச் சீதை வந்தது, பரதன் வந்தது, அழகியாக மாறிய சூர்ப்பனகையும் வந்தது. சின்ன பொன்னுசாமிப் படையாச்சி என்ற வாத்தியார்தான் அங்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். எம்.ஆர். ராதாவும் அந்தக் கம்பெனியில் இருந்தார், பெரிய அண்ணன் மாதிரி.

பெண் மாதிரி நடக்க எப்படிப் பழக்குவார்கள் தெரியுமா? ஒரு துண்டை எடுத்து இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்படியே கூடத்தில் போய் வர வேண்டும். எட்டு வைக்க முடியாது, அடி மேல் அடிதான் வைக்க முடியும். கையில் ஒரு சொம்புத் தண்ணீர் வேறு, சிந்தினால் மறுபடியும் முதலிலிருந்து. தாத்தாவுக்கு எழுபது தாண்டியும் அந்த நடை போகவில்லை. கடைத்தெருவில் பின்னாலிருந்து பார்த்தாலே அவர்தான் என்று சொல்லிவிடலாம், அதற்காகவே பையன்கள் கிண்டல் செய்வார்கள். சிவாஜியின் நடை படத்துக்குப் படம் மாறும் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தால் அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும். நடை என்பது தானாக வருவதில்லை, கட்டி அவிழ்ப்பது என்று ஏழு வயதிலேயே காலுக்குத் தெரிந்துபோன ஆள் அவர். 1964இல் வந்த 'நவராத்திரி'யில் சாவித்திரியோடு ஒரு தெருக்கூத்து ஆடுவார், முடிந்தால் இன்று ராத்திரி மாமனாரோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை:

சிவாஜி திரியில் எம்.ஜி.ஆர். ரசிகன் நுழைந்தால் அடி விழும் என்று தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன்.

எங்கள் ஆளும் பாய்ஸ் கம்பெனிதான். 1917இல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தார். அப்பா கோபால மேனன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வந்தார். ஆனையடிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணன் சக்கரபாணியும் இவருமாக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே சோற்றுக்காகப் போனது நிஜம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐயா எழுதியதைப் படித்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. எங்கள் ஆளை வீடு அனுப்பி வைத்தது, சிவாஜி வீட்டை விட்டுப் போனார். இரண்டு பேருக்கும் அம்மா மேல் அவ்வளவு பாசம் என்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒரே ருசி இல்லை. சரி, கிளம்பிவிட்டேன்.

பால்கனி டிக்கெட்:

இவ்வளவு பேசுகிறோம், தி.நகர் வீட்டுக்கு 'அன்னை இல்லம்' என்று பெயர் வைத்ததை யாரும் சொல்லவில்லையே. அனாதை என்று சொன்னதற்குப் பிராயச்சித்தம் அது!

சங்கிலியாண்டபுரம் பழசு:

பால்கனி தம்பி, அதைத்தான் வீடியோக்காரர்களும் சொல்கிறார்கள், அதனால்தான் நான் எழுதவில்லை. வீட்டுப் பெயர்ப் பலகையைவிட வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். அண்ணன் தங்கவேலு, தம்பி சண்முகம் என்று அத்தனை குடும்பமும் ஒரே அடுப்பு. கால்ஷீட்டிலிருந்து கணக்கு வரை தம்பி சண்முகம்தான் பார்த்துக்கொண்டார். இத்தனை படம் நடித்த மனிதர் பணத்தை எண்ணிப் பார்த்ததில்லை என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நாற்பது பாய் வரிசையில் வாசலோரம் படுத்தவனுக்குத் தனிக்குடித்தனம் எப்படிப் பிடிக்கும்?

வாத்தியார் வீட்டுப் பிள்ளை, ஓட வேண்டாம், உட்கார். நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது.

விழுப்புரத்து மருமகள்:

நேற்று ராத்திரி 'நவராத்திரி' பார்த்தோம். கூத்து வந்ததும் மாமனார் எழுந்து டி.வி. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் அவராகவே போனை எடுத்து என் அப்பாவைக் கூப்பிட்டார். மூன்று வாரம் கழித்து முதல் பேச்சு. "சம்பந்தி, அடி வாங்கினது திருச்சியாம். அடி வாங்கின ஊருதான் சொந்த ஊரு, அவங்களே வெச்சுக்கட்டும்" என்றார். அப்பா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் பத்து நிமிஷம் சிரித்தார். கடைசியில், "ஆனா இனிஷியல் எங்களுது" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

இப்போது வேறு பிரச்சினை. என் மகன் காலையிலிருந்து முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு சொம்புத் தண்ணீரோடு கூடத்தில் நடக்கிறான். மூன்று முறை விழுந்துவிட்டான், சொம்பு நசுங்கிவிட்டது. ஐயா, துண்டை முழங்காலுக்கு மேலே கட்ட வேண்டுமா, கீழேயா?

சங்கிலியாண்டபுரம் பழசு:

மேலே. இரண்டு விரல் விட்டு. சொம்பில் பாதித் தண்ணீர் போதும், இடுப்பை ஆட்டாமல் நடக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் விழத்தான் செய்வான். சொம்பு பித்தளைதானே? அதை எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கல்லை உள்ளே போட்டுக் குலுக்கித் தட்டினால் நசுங்கல் எடுபடும், பாத்திரக் கடைக்குப் போக வேண்டாம்.